கதவிடுக்கில் ஒரு எண்

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். கூட வந்தவன் என் அக்கா மகன். கார் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. பழைய கார், அதிலும் சிறிய கார். ஆனாலும் சிங்கப்பூரில் கார் வாங்குவதென்றால் சும்மாவா? சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், எல்லோரும் சிஓஇ என்று பெருமூச்சோடு சொல்கிறோமே அது, 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே தீனி காற்று. தெருப் பலகையைப் பார்த்ததும் பையனுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

"மாமா, டயர்ல காத்து எவ்ளோ வைக்கணும்? பெட்ரோல் ஸ்டேஷன்ல ஒரு டாக்சி அங்கிள் 250 வைன்னாரு. கார வித்தவரு 220 போதும்னாரு. டயர்லயே பாத்தா 350ன்னு போட்டிருக்கு. எத நம்புறது?"

முதலில் தெருவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயருக்கும் டயருக்கும் உறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே போலிஸ் தலைவராக இருந்த சாமுவேல் டன்லப்பின் பெயர் அது. டயர் டன்லப் வேறு ஆள்: ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவம் பார்த்துவந்த ஸ்காட்லாந்துக்காரர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று உதறுவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. தாம்சனின் காலத்தில் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. காற்றடைத்த சக்கரம் யாருக்கு வேண்டும்?

இனி பையனின் கேள்வி. அவனுக்குக் கிடைத்த மூன்று எண்களில் எதுவும் பொய்யில்லை. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், அவ்வளவுதான். அவன் கேட்டதற்கான விடை அவன் காரிலேயே ஒட்டியிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். அவன் காரில் இருந்தது இது: டயர் அளவு 185/60 ஆர்15, ஆள் குறைவாக இருந்தால் முன்சக்கரம் 220, பின்சக்கரம் 210, ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் முன் 230, பின் 250. அலகு கிலோபாஸ்கல். இரண்டு வாரமாக அந்தக் கதவைத் தினமும் நாலு தடவை திறந்து மூடியவன், அதைப் பார்க்கவே இல்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். நானும் பல ஆண்டுகள் பார்த்ததில்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? காரைத் தாங்குவது ரப்பர் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது காற்று. ரப்பரும் உள்ளே இருக்கும் நார்களும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றைச் சிதறாமல் பிடித்துவைத்திருக்கும் பை. கணக்கு எளிது. ஓட்டுநரையும் சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய கார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் முன்னால் இருப்பதால் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்சக்கரங்களில் விழும். ஒரு முன்சக்கரத்துக்கு 330 கிலோ. உள்ளே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 2.2 கிலோ எடையைத் தாங்குகிறது என்பதுதான் 220 கிலோபாஸ்கலுக்குப் பொருள். அப்படியானால் 330 கிலோவைத் தாங்க அந்தச் சக்கரம் ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட்டாக வேண்டும். அந்த அளவு வரும்வரை டயர் நசுங்கும், பிறகு நின்றுவிடும். பின்சக்கரத்துக்குச் சுமார் 100 சதுர சென்டிமீட்டர். பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். நாலையும் கூட்டினால் 500. ஒரு ஏ4 தாளின் பரப்பு 620க்கும் மேல். ரேஸ்கோர்ஸ் சாலையில் நமக்கு விரிக்கும் வாழையிலையில் பாதிகூடத் தேறாத இடத்தின்மேல்தான் ஒரு குடும்பமும் ஒரு காரும் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. பிரேக், திருப்பம், மழை எல்லாவற்றையும் அந்த ஏ4 தாளே சமாளிக்க வேண்டும்.

காற்றைக் குறைத்தால் தாள் பெரிதாகும், பிடிப்பு கூடுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் டயர் தட்டையாக விரிவதில்லை. நடுப்பகுதி மேல்நோக்கிக் குழிந்து, பாரம் இரண்டு ஓரங்களுக்கு ஒதுங்கும். ஓரங்கள் தேயும், நடுப்பகுதி சும்மா இருக்கும். காற்றை அதிகமாக்கினால் இதற்கு நேர்மாறு: நடு மட்டும் தேயும், தொடும் பரப்பு சுருங்கும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்புக்குத் தெரியும். சொகுசு, தேய்மானம், பிரேக், பெட்ரோல், வளைவில் காரின் நடத்தை என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் தேவைகளுக்கு நடுவே, அந்த மாடல் காரையும் அந்த அளவு டயரையும் வைத்துக் காரின் பொறியாளர்கள் செய்துகொண்ட சமரசம்தான் ஸ்டிக்கரில் இருக்கும் எண். டயரைச் செய்தவருக்கு அது எந்தக் காரில் போகும் என்று தெரியாது. அதனால் அவர் டயரின்மேல் எழுதுவது உச்சவரம்பை மட்டும். பையன் பார்த்த 350 அதுதான். "இதற்குமேல் போகாதே" என்பதை "இதுவரை போ" என்று படிப்பவர்கள் நம் ஊரில் நிறைய.

அலகைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெட்ரோல் நிலையங்களின் காற்று இயந்திரங்கள் பெரும்பாலும் கிலோபாஸ்கலில் பேசும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பிஎஸ்ஐ கணக்கில் 32, 33 என்பார்கள். ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் ஒரு பிஎஸ்ஐ. 220 என்பது 32. பாஸ்கல் என்ற பெயருக்கு உரியவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். மலைமேல் ஏறினால் காற்றழுத்தம் குறையும் என்று 1648இல் தன் மைத்துனரைப் புய் தெ தோம் மலையில் ஏறவைத்து நிரூபித்தவர். அந்த மலையடிவாரத்தில் இருக்கும் கிளெர்மோன் நகரில்தான் அவர் பிறந்தார். 1889இல் அதே நகரில் இரண்டு சகோதரர்கள் ஒரு டயர் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மிஷெலின். ஆமாம், 2016இலிருந்து சிங்கப்பூர் உணவுக்கடைகளுக்கு நட்சத்திரம் கொடுப்பதும் அவர்களேதான்.

டாக்சி அங்கிளின் 250க்கு வருவோம். ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான எண். குளிர்காலமே இல்லாத ஊரில் குளிர்ந்த டயர் ஏது என்று கேட்கலாம். இங்கே குளிர்ந்த டயர் என்றால் ஓடாத டயர். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குமேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடும்போது என்ன ஆகிறது? இந்த அளவுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 530 தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் அமுங்கி, நசுங்கி, நிமிர்கிறது. ரப்பர் நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை நிமிரும்போது திருப்பித் தரும், ஆனால் முழுதாகத் தராது. கைமாற்று வாங்கிய உறவினரைப் போல. தராமல் வைத்துக்கொண்டது வெப்பமாகிறது. 27 டிகிரியில் கிளம்பிய டயருக்குள் காற்று 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் கூடும். இயந்திரம் காட்டும் 220 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட கணக்கு. வெளிக்காற்றின் 101ஐயும் சேர்த்தால் 321. தனிவெப்பநிலையில் 27 டிகிரி என்பது 300, 52 டிகிரி என்பது 325. 321ஐ 325ஆல் பெருக்கி 300ஆல் வகுத்து, வெளிக்காற்றைக் கழித்தால் 247 வருகிறது. காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் டாக்சியை ஓரமாக நிறுத்தி அளந்து பார்த்தவருக்கு 250 தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. அவருடைய டயருக்கு அவர் சொன்னது நியாயம். வீட்டுக் கீழே ஒரு இரவு முழுக்க நின்ற காருக்கு அதை வைத்தால், ஓடும்போது அது 280ஐத் தொடும்.

இதைவிட மோசமான பிழை எதிர்த்திசையில் நடக்கிறது. அதைச் செய்தவன் நான்தான். ஜோகூரிலிருந்து வெயிலில் திரும்பி வந்த கையோடு அளந்தேன். இயந்திரம் 247 காட்டியது. "அடடா, கூடிவிட்டதே" என்று 220க்கு இறக்கிவிட்டேன். மறுநாள் காலை ஆறிய டயரில் 195தான் இருந்தது. நன்றாக இருந்த டயரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தத்தை நானே பிடுங்கிவிட்டுப் பெருமையாகத் தூங்கியிருக்கிறேன். சூடான டயரில் எண் கூடுதலாகத் தெரிந்தால் தொடவே கூடாது. குறைவாகத் தெரிந்தால் ஸ்டிக்கர் எண்ணுக்குமேல் 20, 25 சேர்த்து அடித்துவிட்டு, மறுநாள் காலையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டயர் பற்றிய மேல்நாட்டுக் கையேடுகளில் பாதிப் பக்கம் குளிர்காலத்துக்குப் போய்விடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே விடியலுக்கும் நண்பகலுக்கும் சுமார் ஏழு டிகிரிதான் வித்தியாசம். அழுத்தத்தில் ஏழெட்டு கிலோபாஸ்கல். ஆனால் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் ஒரு பக்கச் சக்கரங்கள் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால் இடமும் வலமும் வேறு வேறு எண் காட்டும். அதைப் பார்த்துப் பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். பலமாடிக் கார்பேட்டையில் இருந்து காலையில் எடுத்து, பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் நிலையத்துக்கு நேரே போய் அளப்பது நல்லது.

பருவநிலை நம்மை ஏமாற்றுவது வேறு விதத்தில். குளிர்நாட்டில் முதல் உறைபனி விழும் நாளில் டயர் தொங்கிப்போய், எல்லோரும் காற்றடிக்க ஓடுவார்கள். அது ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் மணி. நமக்கு மணியே அடிப்பதில்லை. காற்று மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

எப்படிப் போகிறது? பஞ்சர் இல்லாத டயரிலும் காற்று ரப்பரின் ஊடாகவே கசியும். பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன் மறுநாள் காலையில் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முடிச்சு அவிழ்ந்திருக்காது, ரப்பரின் சவ்வையே கடந்து காற்று வெளியேறியிருக்கும். (சென்னை திருவொற்றியூரில் 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பிறகு எம்ஆர்எஃப் டயர் கம்பெனியானது. பலூனிலிருந்து டயருக்கு அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.) இயற்கை ரப்பருக்கு நெகிழ்வும் உரமும் உண்டு, காற்றைப் பிடித்துவைக்கும் குணம் மட்டும் போதாது.

அந்த இயற்கை ரப்பரின் கதை நம்முடையது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். பையில் ரப்பர் விதைகளோடு தோட்ட முதலாளிகளைத் துரத்தித் துரத்திப் பேசியதால் அவருக்குக் "கிறுக்கு ரிட்லி" என்று பெயர். கார் வந்தது, டயர் வந்தது, கிறுக்கர் தீர்க்கதரிசியானார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். உலகத்தின் சக்கரங்கள் சுழன்றது அவர்கள் கைக்கத்தியின் கூரில் என்று சொன்னால் மிகையில்லை.

1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வுக்கூடத்தில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். அதன் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. காற்று அதற்குள் நகர மிகவும் சிரமப்படும். இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் கசிவு பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மலாயாவின் ரப்பர் மேற்கு நாடுகளுக்குப் போவது நின்றது. செயற்கை ரப்பருக்கு அவசரம் பிறந்தது. பியூட்டைல் டயர்களின் உள்குழாய்களுக்குள் புகுந்தது அந்தப் போர்க்காலத்தில்தான். இன்று குழாயே இல்லாத டயர்களின் உட்பூச்சாக இருப்பதும் அதன் வகையைச் சேர்ந்ததே. 2013இல் லான்செஸ் நிறுவனமும் 2018இல் எக்ஸான்மொபிலும் பியூட்டைல் வகை ரப்பருக்கான ஆலைகளைத் திறந்த இடம் எது தெரியுமா? ஜூரோங் தீவு. எந்த ஊரின் வீழ்ச்சி அந்தப் பொருளுக்கு அவசரத்தைக் கொடுத்ததோ, அந்த ஊரிலேயே அது இப்போது தயாராகிறது.

ஆனாலும் கசிவு நிற்கவில்லை, மெதுவானது, அவ்வளவுதான். மாதத்துக்கு 7 கிலோபாஸ்கல், அதாவது ஒரு பிஎஸ்ஐ வரை குறையும் என்று வைத்துக்கொள்வது பொதுவான கணக்கு. ஒரு மாதத்தில் தெரியாது. எட்டு மாதம் கவனிக்காமல் விட்டால் 220 என்பது 165 ஆகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமா? ரேடியல் டயர் சரியான காற்றிலேயே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 165க்கும் 220க்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. டயரைக் காலால் உதைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதில் காலின் நலம்தான் தெரியும்.

165ல் என்ன கெட்டுவிடும்? பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 சதவிகிதம் குறையும். எட்டு பிஎஸ்ஐக்கு ஒன்றரை சதவிகிதம். இங்கே பெட்ரோல் விற்கிற விலையில் அதுவும் பணம்தான், ஆனால் யாரையும் பயமுறுத்தும் தொகை இல்லை. என்னைப் பயமுறுத்துவது மழை.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆண்டில் 170 நாள் அளவுக்கு மழைநாள். அதுவும் எப்படிப்பட்ட மழை! தீவு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்து, ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடியில் அருவி. தேங்கிய நீரின்மேல் வேகமாக உருளும் டயர், தன் முன்னால் இருக்கும் நீரைத் தன் மேல்பட்டையின் பள்ளங்கள் வழியாகப் பக்கவாட்டில் தள்ளியாக வேண்டும். வேகம் கூடக்கூட நீர் ஒதுங்க நேரம் கிடைக்காது; டயருக்கு அடியில் ஆப்புப் போல நுழையும். அந்த நீரின் அழுத்தம் டயரின் காற்றழுத்தத்தை எட்டும்போது சக்கரம் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் காதில் போட்டுக்கொள்ளாது.

1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்ட்டர் ஹார்ன் இதை விமான டயர்களை வைத்து ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் தந்தார்: மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கிலோமீட்டரில் சொன்னால், பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7ஆல் பெருக்க வேண்டும். (ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ன் சாலை இருக்கிறது. அதுவும் வேறு ஹார்ன். முதல் உலகப் போர்த் தளபதி. நம் தெருப் பெயர்கள் டயர் விஷயத்தில் தொடர்ந்து ஏமாற்றுகின்றன.) 220 கிலோபாஸ்கலுக்கு அந்த வேகம் மணிக்கு 94 கிலோமீட்டர். 165க்கு 82. நம் விரைவுச்சாலைகளில் பல இடங்களில் அனுமதித்த வேகம் 90. சரியான காற்றுள்ள டயருக்கு அந்த வரம்பு ஒரு நூலிழை பாதுகாப்புத் தருகிறது. காற்றுக் குறைந்த டயர் சட்டத்தை மீறாமலேயே மிதக்கலாம். இது பள்ளங்கள் பயன்படாத அளவுக்கு நீர் தேங்கிய இடத்துக்கான கணக்கு. பள்ளம் ஆழமாக இருந்தால் நிலைமை இதைவிட நல்லது; தேய்ந்த டயருக்கு இதுவே நிஜம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் சொல்வது சும்மா இல்லை.

"அதான் எச்சரிக்கை விளக்கு இருக்கே மாமா" என்றான் பையன். புதிய கார்களில் இருக்கிறது. அந்த விளக்கு வந்ததற்கே ஒரு சோகக் கதை உண்டு. அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே பிரிந்து, வண்டிகள் உருண்டன. 270க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. வண்டியின் ஸ்டிக்கரில் இருந்த எண் 26 பிஎஸ்ஐ. அது குறைவு, 30 இருக்க வேண்டும் என்றது டயர் கம்பெனி. டயரில்தான் கோளாறு என்றது கார் கம்பெனி. யார் பக்கம் எவ்வளவு தவறு என்பது இருக்கட்டும். தொடக்கமே 26 என்றால், கவனக்குறைவில் நாலைந்து போனபிறகு மிச்சம் என்ன இருக்கும்? வெயில், வேகம், பாரம் மூன்றும் சேர்ந்தால் நசுங்கி நசுங்கிச் சூடேறிய ரப்பர் பிளந்துகொள்ளும். அதே ஆண்டில் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. 2007க்குப் பிறகு அங்கே விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அழுத்த எச்சரிக்கை விளக்கு வந்தது. ஐரோப்பாவில் 2014இல்.

ஆனால் அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது அழுத்தம் 25 சதவிகிதம் குறைந்தபிறகு. 220இல் 25 சதவிகிதம் போனால் எவ்வளவு? அதே 165. மிதக்கும் வேகம் 82க்கு இறங்கியபிறகுதான் விளக்கு வாயைத் திறக்கும். மேலும், மலிவான முறை ஒன்று சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறது. நாலு டயரும் ஒரே சீராகக் கசிந்தால் ஒப்பிட ஆள் இல்லை, விளக்கு மௌனம். விளக்கு ஆணி குத்தியதற்கு உதவும். மாதக் கணக்கில் போகும் காற்றுக்கு அளவுகோலும் கையும்தான் உதவும்.

கடற்பாலத்தைத் தாண்டும் நாளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்கும் சிங்கப்பூர்க் காரின் பெட்ரோல் தொட்டி முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஊருக்குக் கிளம்புபவர்கள் எல்லோரும் பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறார்கள், முள்ளைப் பார்க்கிறார்கள். காற்று இயந்திரம் நாலு அடி தள்ளி இருக்கிறது. அதைப் பார்க்கச் சட்டம் இல்லை, யாரும் பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், பெட்டிகள், ஐஸ் பெட்டி, பாட்டியின் தலையணை. தனியாக வேலைக்குப் போகும் நாளைவிட 300 கிலோ கூடுதல், பெரும்பகுதி பின்சக்கரங்களில். மலேசிய நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. வழி முழுக்க வெயில். 350 கிலோமீட்டருக்கு டயர் ஒன்றே முக்கால் லட்சம் தடவைக்குமேல் நசுங்கி நிமிரும். ஸ்டிக்கரில் பின்சக்கரத்துக்கு 210க்குப் பக்கத்தில் 250 என்று இன்னொரு எண் அச்சடித்திருப்பது இந்த நாளுக்காக. கிளம்பும் நாள் காலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், திரும்பி வந்து ஆறியபிறகு இறக்கிக்கொள்ளலாம்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களை ஓராண்டு ஓட்டாமல் வைத்துப் பார்த்தது. 30 பிஎஸ்ஐயில் தொடங்கி, நைட்ரஜன் 2.2 இழந்தது, சாதாரணக் காற்று 3.5 இழந்தது. ஆண்டுக்கு 1.3 பிஎஸ்ஐ லாபம். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து அடித்துவிட்டு, "நைட்ரஜன்தானே" என்று அளப்பதை நிறுத்திவிட்டால் நஷ்டம்.

ஸ்டிக்கர் எண்ணைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா? வைக்கலாம் என்பது என் கட்சி. 10 கிலோபாஸ்கல் கூடுதலாக வைத்தால் அடுத்த அளவெடுப்பு வரை கசியப்போவதற்கு முன்பணம் கட்டியதாக இருக்கும். குறைவு விஷயத்தில் அந்தத் தாராளம் வேண்டாம். கூடியதன் தண்டனை குலுக்கல். குறைந்ததன் தண்டனை வெப்பமும் மிதப்பும். டயரின் அளவை மாற்றிப் பெரிய ரிம் போட்டவர்களுக்கு மட்டும் ஸ்டிக்கர் நேரடியாகப் பொருந்தாது. பூட்டியவரிடம் சரியான அழுத்தத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரக் கார்களுக்கு மின்கலத்தின் பாரம் கூடுதல் என்பதால் எண்ணும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பழைய காரின் பழக்கத்தில் 220 வைத்துவிடாதீர்கள்.

அன்றைக்குத் தேக்காவிலிருந்து திரும்பும் வழியில் சையது ஆல்வி சாலையில் பையன் ஒரு சின்ன அழுத்தமானி வாங்கினான். மறுநாள் காலையில் குறுஞ்செய்தி வந்தது: முன் இரண்டும் 180, பின் இடது 175, பின் வலது 190. வாங்கிய இரண்டு வாரமும் அவன் மழையில் விரைவுச்சாலையில் ஓட்டியது இந்தக் காற்றில்தான். நாலையும் சரிசெய்துவிட்டேன் என்று பத்து நிமிடத்தில் இன்னொரு செய்தி. பின்பெட்டியின் அடியில் கிடக்கும் உதிரிச் சக்கரத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். பதில் இல்லை.

நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள். சிறிய கார்களோடு தரும் அந்த ஒல்லியான உதிரிச் சக்கரத்துக்கு வேண்டிய அழுத்தம் 220 இல்லை, பெரும்பாலும் 420. கதவிடுக்கில் இருக்கும் அதே ஸ்டிக்கரில், கடைசி வரியில் எழுதியிருக்கும்.